எலியின் ஓட்டமும் பேரனின் ஓட்டமும்

திருச்சி பாலக்கரை டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரும் அண்ணன் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேரன் ஓரிடத்தில் உட்காருவதில்லையாம். “மூளையில டோபமைன் கூடிப்போச்சு, எலியிலேயே நிரூபிச்சிட்டாங்கன்னு ஒருத்தர் சொல்றார். நெசமா தம்பி?”

பாதி நெசம். மெஷின்காரர் என்பதால் கருவியிலிருந்து தொடங்கினேன். ஆக்டோபோட்டோமீட்டர் என்று ஒரு பெட்டி. ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு ஒளிக்கற்றைகள் போகும். உள்ளே விட்ட எலி குறுக்கே போய் ஒளியை மறைத்தால் எண் ஒன்று ஏறும். பி.பார்ம் படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். (இப்போது பல கல்லூரிகளில் நிஜ எலியே இல்லை, புதுச்சேரி ஜிப்மரில் உருவான எக்ஸ்பார்ம் போன்ற மென்பொருளில் கணினி எலிதான் ஓடுகிறது.) பயந்து ஓடினாலும் தீனி தேடி ஓடினாலும் பெட்டிக்கு எல்லாம் ஒரே எண்தான்.

“சரி, டோபமைன் அதுல என்ன பண்ணுது?”

சத்திரத்திலிருந்து ஜங்ஷன் போகும் பஸ் ஒன்று எங்கள் எதிரே நின்றிருந்தது. இன்ஜின் ஓடுகிறது, டிரைவர் தயார், ஆனாலும் கண்டக்டர் விசில் கொடுத்தால்தான் நகரும். டோபமைன் அந்த விசில். தசைக்குப் பலம் தருவது அதன் வேலை இல்லை. மூளையின் அடியில் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் ‘கிளம்பு’ என்னும் பாதையைத் தூண்டி, ‘நில்’ என்னும் பாதையை அடக்கும்.

இது தெரியவந்த கதையில் நம் நாட்டு வேர் ஒன்று உண்டு. சர்ப்பகந்தி வேர் மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் உதவுகிறது என்று 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். 1952இல் ஸ்விட்சர்லாந்தின் சீபா கம்பெனி அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தது. அதைக் கொடுத்தால் நரம்பு முனைகளில் டோபமைன் சேமிப்பு காலியாகிவிடும். 1957இல் ஸ்வீடனில் அர்வித் கார்ல்சன் குழுவினர் ரெசர்பின் கொடுத்த முயல்களும் சுண்டெலிகளும் அசையாமல் கிடப்பதைப் பார்த்தார்கள். எல்-டோபா ஊசி போட்டதும் சற்று நேரத்தில் எழுந்து நடமாட ஆரம்பித்தன. உடல் எல்-டோபாவை டோபமைனாக மாற்றிக்கொள்ளும். பார்க்கின்சன் நோய்க்கு இன்றும் அதுதான் முதன்மை மருந்து. 2000இல் கார்ல்சனுக்கு நோபல் கிடைத்தது.

அந்த எல்-டோபா பூனைக்காலி விதையில் இருப்பதை, கார்ல்சனுக்கு இருபது ஆண்டு முன்பே, 1937இல், மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும் பிரித்துக் காட்டிவிட்டார்கள். இதை நம் ஊரில் அதிகம் பேர் சொல்லிக் கேட்டதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

“அப்ப விசில் நிக்காம ஊதினா?”

அதையும் செய்து பார்த்தார்கள். வெளியே வந்த டோபமைனைத் திரும்ப உள்ளே இழுக்க ஒரு புரதம் உண்டு. 1996இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மார்க் கேரனின் குழு அந்தப் புரதமே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கியது. டோபமைன் வழக்கத்தைவிட நூறு மடங்கு நேரம் வெளியே தங்கியது. எலிகள் ஓயாமல் ஓடின.

இங்கேதான் சிக்கல். துறுதுறுப்பு அதிகமான பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மெதில்ஃபெனிடேட் சாதாரண எலியை ஓட வைக்கும். அது தடுப்பது அதே புரதத்தைத்தான். புரதமே இல்லாத எலியில் அது எதைத் தடுக்கும்? ஆனால் 1999இல் அந்த எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது அவை அடங்கின. டோபமைன் அளவோ மாறவில்லை. மூளையின் இன்னொரு ரசாயனமான செரடோனினைக் கூட்டும் ஃப்ளூவாக்ஸடின் கொடுத்தாலும் அடங்கின. ஆக அந்த எலிகளை அடக்கியது வேறொரு ரசாயனம். டோபமைன் கூடினால் ஓட்டம், குறைந்தால் அமைதி என்ற ஒற்றைக் கணக்கு எலியிடமே செல்லவில்லை.

“என் பேரனுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தா தெரியுமா?”

தெரியாதுண்ணே. துறுதுறுப்புக்கென்று ரத்தப் பரிசோதனை கிடையாது. ஆறு மாதமாவது தொடர்கிறதா, பன்னிரண்டு வயதுக்கு முன்பே ஆரம்பித்ததா, வீட்டில் மட்டுமா பள்ளியிலுமா என்று டாக்டர் கேட்பார். வகுப்பு டீச்சரிடமும் விசாரிக்கச் சொல்வார்.

“வீட்லதான் இந்தக் கூத்து. டீச்சர் ஒண்ணும் சொன்னதில்லையே” என்றார் அண்ணன்.