சென்ட் போத்தலுக்குள் இருப்பது யாருடைய குணம்?

திரையிலிருந்து வாசம் வராது. அதனால் ஆண்களுக்கான சென்ட் விளம்பரங்கள் வாசத்துக்குப் பதிலாக ஓர் ஆளைக் காட்டுகின்றன. டியோர் நிறுவனம் 2015இல் ‘சோவாஜ்’ என்ற சென்டை வெளியிட்டபோது நடிகர் ஜோனி டெப் நகரத்தை விட்டுக் காரில் புறப்பட்டுப் போய், பாலைவனத்தில் குழி தோண்டித் தன் நகைகளைப் புதைத்தார். பிரெஞ்சு மொழியில் அந்தப் பெயருக்குக் காட்டுத்தனமானது என்று பொருள். இதைப் பூசுகிறவன் கட்டுக்கு அடங்காதவன், தன் வழியில் போகிறவன் என்பதுதான் சேதி. போத்தலுக்குள் இருப்பதோ இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் பேகமொட் என்ற தோடை இனப் பழத்தின் எண்ணெய், மிளகு வாசம், அம்ப்ரொக்ஸான் என்ற இரசாயனம். திமிங்கிலத்தின் குடலில் உருவாகும் அம்பருக்குப் பதிலாக ஆய்வுகூடத்தில் செய்யப்படுவதுதான் அம்ப்ரொக்ஸான். பாலைவனத்துக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்பதில்லை.

இன்னும் வேடிக்கையானது ‘ஓல்ட் ஸ்பைஸ்’ கதை. அமெரிக்காவின் ஷுல்டன் நிறுவனம் 1937இல் அந்தப் பெயரில் முதலில் விற்றது பெண்களுக்கான வாசனைப் பொருளை. ஆண்களுக்கானது அடுத்த வருடம் வந்தது. பாய்மரக் கப்பல் படத்தோடு வந்த அந்தப் போத்தல் பல தசாப்தங்களுக்கு ‘அப்பாக்களின் மணம்’ ஆகியது. 1990இல் நிறுவனம் கைமாறியது. 2010இல் அதே பெயரில் உடல் கழுவும் திரவத்தை விற்க வந்த விளம்பரம் பெண்களைப் பார்த்தே பேசியது: உங்கள் ஆள் என்னைப் போல் இருக்க மாட்டான், மணத்திலாவது என்னைப் போல் இருக்கலாம் என்று. ஒரே பெயர் பெண்ணுக்கும், கடலோடிக்கும், அப்பாவுக்கும், கட்டுமஸ்தான இளைஞனுக்கும் பொருந்தியிருக்கிறது.

ஓல்ட் ஸ்பைஸில் தூக்கலாக இருப்பவை கறுவா, கராம்பு, சாதிக்காய் வாசங்கள். அமெரிக்கனுக்கு அது ஆண்மை. எங்களுக்கு அது இறைச்சிக் கறி. ரோஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கில் அது பெண்களின் மணம். வளைகுடாவில் ஆண்கள் ரோஜா அத்தரைப் பூசிக்கொண்டு தொழுகைக்குப் போகிறார்கள். எங்கள் கலியாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்பு ஆண் பெண் பார்த்துத் தெளிப்பதில்லை. வாசத்துக்கு நாங்கள் கொடுக்கும் பொருள் பெரும்பாலும் பழகி வந்தது.

அப்படியானால் மணத்துக்கும் ஆளின் இயல்புக்கும் தொடர்பே இல்லையா? கொஞ்சம் இருக்கிறது, ஆனால் அது போத்தலில் இல்லை. போலந்தின் விரோக்லாவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வொன்றில் 60 பேர் மூன்று இரவுகள் ஒரே ரீசேர்ட்டை அணிந்து படுத்தார்கள். சென்ட், வாசனைச் சவர்க்காரம், சிகரெட் எல்லாம் தடை. பிறகு 200 பேர் அந்தச் சட்டைகளை மணந்து பார்த்து, அணிந்தவர் எப்படிப்பட்டவர் என்று மதிப்பிட்டார்கள். கலகலப்பானவரா, பதற்றக்காரரா, ஆதிக்கம் செலுத்துபவரா என்ற மூன்றில் மட்டும் குருட்டு ஊகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள். சற்றுத்தான்.

எனக்கு இதைவிட முக்கியமாகத் தெரிவது 2009இல் இங்கிலாந்தில் நடந்த ஒன்று. ஆண்களில் ஒரு பகுதியினருக்கு வாசனையுள்ள ஸ்பிறேயும் மற்றவர்களுக்கு வாசனையற்றதும் கொடுத்தார்கள். பின்னர் அவர்களை ஒலியில்லாத வீடியோவில் பார்த்த பெண்கள், வாசனை பூசியவர்களையே கவர்ச்சியானவர்கள் என்றார்கள். பார்த்தவர்களுக்கு வாசம் எட்டவே இல்லை. அசையாப் படங்களில் அந்த வித்தியாசமும் வரவில்லை. சென்ட் மாற்றியது ஆளின் முகத்தை அல்ல, அவன் அசைவையும் தன்னம்பிக்கையையும்.

எங்கள் ஆண்களில் பலருக்கு ‘இயல்புக்கேற்ற சென்ட்’ என்ற தெரிவு இருந்ததே இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் சவர்க்காரமே கிடைக்காமல் பனம்பழத்தில் துணி துவைத்தோம். பாதை திறந்த பிறகு சென்ட் வந்தது வெளிநாட்டு உறவினரின் சூட்கேசில். யாருக்கு எந்தப் போத்தல் என்பதைத் தீர்மானித்தது குணம் அல்ல, விமான நிலையக் கடையில் மாமாவின் அவசரம். ஆனால் அந்தப் போத்தலை ஒருவர் ஐந்து, பத்து வருடம் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் பூசிப் போனால், அது பிள்ளைகளுக்கு அப்பாவின் மணம் ஆகிவிடுகிறது.

இதற்குக் காரணம் மூளையின் அமைப்பு. பார்வையும் ஒலியும் தலமசு என்ற இடைநிலையத்தைத் தாண்டித்தான் மூளையின் புறணிக்குப் போகும். மணம் மட்டும் அதைக் கடக்காமலேயே உணர்ச்சிக்கும் நினைவுக்குமான பகுதிகளைத் தொட்டுவிடும். அதனால்தான் பெயர் நினைவுக்கு வருவதற்கு முன் கண் கலங்குகிறது. இதே பாதையில் மற்றதும் வரும். போருக்குப் பிந்திய மனவடுவுள்ள அமெரிக்கப் படையினரிடம் செய்த ஆய்வுகளில் டீசல் மணமே பழைய பயத்தை எழுப்பியது. பங்கர் மண்ணும் வெடிமருந்தும் மணந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

காணாமல் ஆக்கப்பட்டவரின் சேர்ட்டை அலுமாரியில் வைத்திருக்கும் வீடுகள் எங்களிடம் உண்டு. சிலர் அவர் பூசிய அதே சென்டைத் தேடி வாங்கி, திறந்து பார்த்து, ‘இது அவர் இல்லை’ என்று வைத்துவிடுகிறார்கள். அது பிரமை அல்ல. சேர்ட்டில் இருந்தது சென்டும் அவருடைய வியர்வையும் சேர்ந்த கலவை. பிராக் நகரின் சார்ள்ஸ் பல்கலைக்கழக ஆய்வொன்றில், ஒருவர் தானே தெரிந்தெடுத்த சென்ட் அவருடைய உடல் மணத்தோடு கலந்தபோது, மற்றவர்கள் கொடுத்த சென்டைவிட இனிமையாக மதிப்பிடப்பட்டது. சென்டும் உடலும் சேர்ந்து மூன்றாவது ஒன்றாகிவிடுகின்றன என்பதே இதிலிருந்து நான் விளங்கிக்கொள்வது. தவிர, போத்தலும் பழையது அல்ல. ஒவ்வாமை காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் சில வாசனைப் பொருட்களைத் தடைசெய்து, 2021 ஓகஸ்டுக்குப் பிறகு அவற்றின் விற்பனையையே நிறுத்தியது. இப்படியான விதிகளால் பெயர் மாறாமல் உள்ளடக்கம் மாறிய சென்ட்கள் பல.

உடல் மணம் ஆளை அடையாளம் காட்டும் என்பதை அரசுகளும் அறிந்திருந்தன. கிழக்கு ஜேர்மனியின் இரகசியப் பொலிஸான ஸ்டாசி, விசாரிக்கப்பட்டவர்கள் இருந்த கதிரையில் துணியை வைத்து அவர்களின் மணத்தைப் பிடித்து, மூடிய கண்ணாடிப் போத்தல்களில் சேமித்தது. மோப்ப நாய்களுக்குக் கொடுக்கத்தான்.

அந்த முறையை வீட்டிலும் பயன்படுத்தலாம். சேர்ட்டைத் துவைக்க வேண்டாம், அயன் பண்ண வேண்டாம். ஈரமில்லாமல் இருக்கிறதா என்று பார்த்து, காற்றுப் புகாத கண்ணாடிப் போத்தலில் இட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பூச்சி உருண்டை போட வேண்டாம், அதன் மணம் எல்லாவற்றையும் மூடிவிடும். அடிக்கடி திறந்தால் மணம் வேகமாகக் குறையும். திறக்கும்போது ஓரிரு மூச்சுக்குப் பிறகு ஒன்றும் தெரியாவிட்டால் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், மூக்கு பழகியிருக்கும். மூடிவைத்துவிட்டு வெளியே நடந்து, பிறகு வந்து பாருங்கள்.