முதலில் சுவர், பிறகு சித்திரம்

பிப்ரவரிக் கடைசியில் பெங்களூர் கப்பன் பூங்காவுக்குள் நுழைந்தால் தலைக்கு மேலும் இளஞ்சிவப்பு, காலடியிலும் இளஞ்சிவப்பு. இலையை உதிர்த்துவிட்டுப் பூவை மட்டும் சுமந்து நிற்கும் தபேபுயா மரங்கள். அது ஓயும் முன்னே ஜக்கரண்டா ஊதாப் பூவோடு வந்துவிடும். ஏப்ரல் பிறந்தால் குல்மோஹர். மூன்றுமே வேற்று நாட்டு மரங்கள். ஒன்று ஓய்ந்தால் அடுத்தது பூக்கும்படி மரங்களைத் தேர்ந்து நடும் யோசனையை இந்த ஊருக்குத் தந்தவராகச் சொல்லப்படுபவர் ஜெர்மானியரான க்ரும்பீகல்; 1908 முதல் 1932 வரை லால்பாக் பூங்காவைப் பார்த்துக்கொண்டவர். 1980களில் வனத்துறை அதிகாரி நெகின்ஹால் லட்சக்கணக்கில் மரம் நட்டு அந்த வேலையைத் தெருத்தெருவாகக் கொண்டுபோனார். வீட்டு உள்ளலங்காரம் செய்து பிழைக்கிறவள் நான். ஒரு ஹாலுக்கு நிறம் தேர்ந்தெடுக்கவே வாடிக்கையாளரோடு ஒரு மாதம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ஒரு ஊருக்கே நிறம் தேர்ந்தவர்கள் மேல் மரியாதை வராமல் என்ன செய்யும்?

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் பெங்களூருக்குப் போனால் பெரும்பாலும் ஃபர்னிச்சர் ஷோரூம்களில்தான் பொழுதைப் போக்குவார்கள். நான் சொல்வது வேறு. அருங்காட்சியகங்களுக்குப் போங்கள், போனதும் மாட்டியிருக்கும் படத்தைப் பார்க்காதீர்கள். அது மாட்டியிருக்கும் சுவரை, அதன் மேல் விழும் வெளிச்சத்தை, நிற்கும் தரையை முதலில் பாருங்கள். இந்த ஊரில் பல சமயம் கட்டடமே முதல் காட்சிப்பொருள்.

கஸ்தூர்பா சாலையில் தொடங்கலாம். கலை மற்றும் ஒளிப்பட அருங்காட்சியகம், எல்லாரும் சொல்வதுபோல் ‘மேப்’, 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அபிஷேக் போத்தார் தொடங்கியது. கட்டடம் மேத்யூ அண்ட் கோஷ் நிறுவனத்தின் வடிவமைப்பு. ஐந்து மாடி. வெளிப்புறம் துருப்பிடிக்காத எஃகுத் தகடு. ஒவ்வொரு தகட்டிலும் பெருக்கல் குறி போல ஒரு புடைப்பு. இதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றும். ரயில் நிலையங்களில் உயரத்தில் நிற்குமே இரும்புத் தண்ணீர்த் தொட்டி, அதன் பக்கங்களில் இருப்பது இதே புடைப்புத்தான். அங்கே அது அழகுக்காக வைத்தது இல்லை. தட்டையான தகடு தண்ணீரின் அழுத்தத்தில் பிதுங்கும். குறுக்கே அச்சுப்போல் அழுத்தி மடித்தால் தடிமன் கூட்டாமலே விறைப்பு வந்துவிடும். அந்தத் தொழிற்சாலைப் புத்தியை எடுத்து ஒரு கலைக்கூடத்துக்குச் சட்டையாகத் தைத்திருக்கிறார்கள். காலை வெயிலில் ஒரு நிறம், மழை மேகத்தில் இன்னொன்று. எல்லாருக்கும் பிடித்துவிடாது, பெட்டி மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தவர்களையும் தெரியும். எனக்குப் பிடித்திருக்கிறது. அலங்காரத்துக்கு ஒரு காரணம் இருந்தால் அது சீக்கிரம் அலுக்காது.

அதே சாலையில், பூங்கா ஓரமாகச் செக்கச்செவேல் என்று நிற்கிறது அரசு அருங்காட்சியகம். 1865-ல் தொடங்கப்பட்டது. முயற்சி எடுத்த எட்வர்ட் பால்ஃபர்தான் அதற்கு முன்பே சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைத் தொடங்கி வளர்த்தவர். இப்போதுள்ள கட்டடம் 1877-ல் எழுந்தது. பூங்காவின் இன்னொரு பக்கத்தில் இதே சிவப்பில் உயர்நீதிமன்றம், அட்டாரா கச்சேரி. 1868-ல் முடிந்த அந்தக் கட்டடத்தின் ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார்.

அருங்காட்சியகத்தில் தமிழர்கள் தேடிப் பார்க்க வேண்டியது ஆதகூர்க் கல்வெட்டு. 949-ல் தக்கோலப் போரில் பராந்தக சோழனின் மகன் இராஜாதித்தன் யானை மேலேயே உயிர்விட்டான் அல்லவா, அந்தப் போரைச் சொல்லும் கன்னடக் கல் இது. சோழனை வீழ்த்திய கங்க மன்னன் பூதுகன் தன் வீரன் மணலேரனுக்கு என்ன வேண்டும் என்று கேட்க, அவன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. அந்த நாய் பிறகு ஒரு காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் செத்தன. கல்லின் மேல்பகுதியில் நாயும் பன்றியும் செதுக்கப்பட்டிருக்கின்றன. நமக்குப் பேரிழப்பான ஒரு போர், இந்தக் கல்லில் ஒரு நாயின் கதையோடு சேர்ந்து நிற்கிறது. எழுத்து வரிகளும் உருவமும் ஒரே பலகையில் எப்படி இடம் பங்கிட்டிருக்கின்றன என்று பாருங்கள். பக்க வடிவமைப்பு செய்கிறவர்களுக்குப் பாடமே அதில் இருக்கிறது. கல்வெட்டு முன்னால் நேராக நிற்க வேண்டாம். சற்றே ஒதுங்கி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும் கோணத்தில் நின்றால்தான் செதுக்கல் எழும்பி வரும்.

பக்கத்திலேயே வெங்கடப்பா கலைக்கூடம். அவனீந்திரநாத் தாகூரின் மாணவரான கே. வெங்கடப்பா ஊட்டியையும் கொடைக்கானலையும் நீர்வண்ணத்தில் வரைந்தவர்.

பேலஸ் சாலைக்கு ஆட்டோ பிடித்தால் தேசிய நவீன ஓவியக் கூடம். 2009-ல் திறந்தது. இது சுரங்கத் தொழிலில் சம்பாதித்த மாணிக்கவேலு முதலியாரின் பங்களா. அதற்கு முன் மைசூர் யுவராஜாவுக்குச் சொந்தம். பழைய வீட்டை இடிக்காமல், அதன் மேல் ஏறி உட்காராமல், பின்னால் ஒதுங்கிப் புதுக்கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். நடுவே தண்ணீர், மரங்கள். வீட்டு அறை அளவில் பார்க்க வேண்டிய சிறிய படங்கள் உண்டு, பத்தடி தள்ளி நின்றால்தான் பிடிபடும் படங்களும் உண்டு. இரண்டு வகை அறையும் ஒரே வளாகத்தில் அமைவது அபூர்வம். இங்கேயும் மேப்பிலும் திங்கட்கிழமை விடுமுறை.

பழைய பேட்டைப் பக்கம் திப்புவின் கோடை அரண்மனை. 1791-ல் முடிந்தது. கல் பீடத்தில் தேக்குத் தூண், மேலே பூவிதழ் போல் வெட்டிய வளைவுகள், சுவரில் மங்கிய பூவேலை. அருகிலேயே கே.ஆர். மார்க்கெட் பூக்கடைகள். அரை மணி நேரம் போதும்.

லால்பாக் கண்ணாடி மாளிகைக்கு அவ்வளவு போதாது. 1889-ல் இங்கிலாந்து இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டியது. வார்ப்பிரும்பு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்தது. 1935-ல் ஒரு பக்கத்தை நீட்டியபோது இரும்பு பத்ராவதியிலிருந்து வந்தது. மலர்க் கண்காட்சிக் கூட்டம் இல்லாத நாளில் உள்ளே நின்று மேலே பாருங்கள்: தூணின் கனம் எவ்வளவு குறைவு, கூரை எவ்வளவு தூரம் பாய்கிறது!

பசித்தால் காந்தி பஜாரில் 1943-லிருந்து இருக்கும் வித்யார்த்தி பவன். சுவரெல்லாம் கன்னட எழுத்தாளர்களின் உருவப்படங்கள். தோசைத் தட்டுகளை அடுக்கி ஒரே கையில் ஏந்திவரும் சர்வரைப் பார்த்தபடி காத்திருக்கலாம். பசவனகுடித் தெருக்களில் சிவப்பு ஆக்சைடுத் தரை போட்ட பழைய வீடுகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. தேய்க்கத் தேய்க்கப் பளபளக்கும் அந்தத் தரையை இன்று கேட்டால் கொத்தனார் தலையைச் சொறிகிறார். டைல்ஸ் போட்டுக்கலாமே அம்மா என்கிறார்.

பயணத்தைத் திட்டமிடும்போது பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொள்ளுங்கள். சித்திரைப் பௌர்ணமி இரவில் திகளர்பேட்டை தர்மராயர் கோயிலிலிருந்து கரகம் புறப்படும். மல்லிகைப் பூவால் மூடிய கரகத்தைச் சுமப்பவர் திகளர் சமூகத்தவர். தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியதாகச் சொல்லிக்கொள்ளும் தோட்டக்காரச் சமூகம் அது. லால்பாக் மண்ணில் உழைத்த கைகள் இவர்களுடையவை. நம் ஊர் திரௌபதி அம்மன்தான் அங்கும் தெய்வம். ஊர்வலம் வழியில் ஒரு தர்காவிலும் நின்று போகும். விடிய விடிய நடக்கும் கூட்டம் அது. அந்த இரவில் தூங்க நினைப்பவர்கள் பேட்டைப் பக்கம் அறை எடுக்க வேண்டாம்.