பழைய கணினியில் எதை மாற்றுவது?

படிவம் ஐந்து மாணவன் ஒருவன் சேர்த்து வைத்த 800 வெள்ளியோடு கேட்டான்: "சார், கேம் திக்கித் திக்கிப் போகுது. புது கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா?" 2017-இல் வந்த ஐ5-7400 செயலி, 8 ஜிபி நினைவகம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கலாம். காசை எடுக்கும் முன் இதைச் செய்து பாருங்க, செலவே இல்லை.

விளையாட்டின் திரைத் தெளிவை 1080-இலிருந்து 720-க்குக் குறையுங்கள். வேகம் கூடினால் திணறுவது கார்டு. மாற்றமே இல்லையென்றால் குற்றம் பெரும்பாலும் செயலியிடம். எதை வரைய வேண்டும் என்று செயலி சொன்ன பிறகுதானே கார்டு வரையும்? புது கார்டு போட்டாலும் அது சும்மா காத்திருக்கும். அவனுக்கு நடந்தது இதுதான். நினைவகமும் நிறைந்து வழிந்தது.

சரி, செயலியை மாற்றலாமே? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எட்டாம் தலைமுறை ஐ5-8400-க்கும் அதே 1151 பொருத்துவாய்தான்; ஆனால் அந்தப் பழைய தாய்ப்பலகையில் ஓடாது. ஐ7-7700 ஓடும், பழையதாகக் கிடைக்கும். ஆனால் அதுவும் விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதில் போய்க் காசைக் கொட்டணுமா?

இன்னொரு 8 ஜிபி, வன்தட்டுக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி, இவை போதும் என்றேன். எஸ்எஸ்டி கேம் ஓட்டத்தைக் கூட்டாது, திறக்கும் நேரத்தைத்தான் குறைக்கும். ஆனால் நாளை புது கணினிக்கும் கழற்றிப் போடலாம். மிச்சம் புது தாய்ப்பலகைக்கும் செயலிக்கும். பையன் முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. கார்டைக் கடையில் பார்த்துவிட்டு வந்தவனாச்சே!