ஒரு புள்ளி போன கதை

‘மீனாட்சிசுந்தரம்’ என்ற பெயரில் எத்தனை எழுத்து? மீ, னா, ட், சி, சு, ந், த, ர, ம். விரல்விட்டு எண்ணினால் ஒன்பது. பெரியப்பாவுக்காக ஓர் அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்தேன். பெயரைத் தட்டியதும் பெட்டிக்கடியில் சிவப்பாக வந்தது: ‘15 எழுத்துக்கு மேல் கூடாது.’ ஒருமுறை அழித்தேன். கடைசிப் புள்ளி மட்டும் போனது. சிவப்பு மறைந்துவிட்டது!

தட்டத் தட்டவே சரிபார்க்கும் இந்த வேலையைச் செய்வது ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி. 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 10 நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். மோக்கா, லைவ்ஸ்கிரிப்ட் என்று பெயர் மாறி, டிசம்பரில் இன்றைய பெயருக்கு வந்தது. அது தொலைபேசிக் கம்பி வழியே இணையம் ஊர்ந்த காலம். படிவத்தில் ஒரு கட்டம் விடுபட்டாலும், அது சர்வர்வரை போய்த் திரும்பிய பிறகுதான் தெரியும். அந்தக் காத்திருப்பை ஒழித்தது, பக்கத்துக்குள்ளேயே ஓடும் இந்தச் சிறு நிரல். நிரப்புகிறவரின் சிரமத்தைக் குறைக்க வந்த அருமையான ஏற்பாடு அது.

பிறகு ஒன்பது எழுத்துப் பெயர் படிவத்தின் கணக்கில் எப்படிப் பதினாறானது? கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ‘மீ’ என்பது ஒன்றல்ல. மகரத்துக்கு ஓர் எண், ஈகாரக் குறிக்கு ஓர் எண். புள்ளிக்கும் தனி எண் உண்டு. நீளத்தைச் சொல்லும் ஜாவாஸ்கிரிப்ட்டின் ‘லெங்த்’ இவற்றைத்தான் எண்ணுகிறது, எழுத்தை அல்ல. ஆங்கிலப் பெயரை இட்டுச் சோதித்தவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படவே படாது. ‘எழுத்து மட்டும்’ என்று விதி எழுதப்பட்ட சில படிவங்கள் இன்னும் மோசம். யூனிகோடு வகைப்பாட்டில் கொம்பும் காலும் எழுத்தில் சேராததால், அவற்றைச் சிறப்புக் குறி என்று தள்ளிவிடும்.

இதற்கு மருந்து ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே இருக்கிறது. ‘இன்டல் செக்மென்டர்’ என்ற வசதி, நாம் படிக்கிறபடியே மீ, னா, ட் என்று பிரித்துத் தரும். குரோமில் 2020 முதல் உண்டு; ஃபயர்பாக்ஸிலும் 2024இல் வந்துவிட்டது. இரண்டு மூன்று வரி மாற்றினால் போதும். ஆனால் சர்வரும் டேட்டாபேஸும் அதே கணக்கில் எண்ண வேண்டும். பக்கத்தை மட்டும் திருத்தினால் பெயர் அங்கே போய் வெட்டுப்படும். என்னைக் கேட்டால், பெயருக்கு 15 என்ற வரம்பே வேண்டாம்.

போன வாரம் அட்டை வந்தது. பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்: ‘மீனாட்சிசுந்தரம.’ பேனாவை எடுத்துப் புள்ளியை அவரே வைத்துக்கொண்டார்.