நடு ஒலிபெருக்கியும் ஓர நாற்காலியும்

வீட்டில் அமர்ந்து திரைப்படம் பார்க்கையில், வெடிச்சத்தம் ஜன்னல் கண்ணாடிகளை அதிரச் செய்வதும், அடுத்த நிமிஷமே கதாபாத்திரங்கள் இருவர் தாழ்ந்த குரலில் பேசுவது ஒன்றும் விளங்காமல் ரிமோட்டைத் தேடிச் சத்தத்தைக் கூட்டுவதும், கூட்டிய மறுகணம் பின்னணி இசை பேரிரைச்சலாகப் பாய்ந்துவர மீண்டும் குறைப்பதும், ஹோம் தியேட்டர் அமைத்துக்கொண்ட குடும்பங்களில் நித்திய அனுபவம். இந்தச் சங்கடத்துக்குப் படத்தின் ஒலிப்பதிவாளரையோ வீட்டுப் பெரியவர்களின் செவியையோ குறைகூறுவது வழக்கம். ஒலிப்பதிவிலும் குற்றம் இருக்கலாம். எனினும் முதலில் விசாரிக்க வேண்டியது, தொலைக்காட்சிப் பெட்டியின் அடியில் குறுக்காகப் படுத்திருக்கும் சென்டர் ஸ்பீக்கர் என்னும் நடு ஒலிபெருக்கியைத்தான். படத்தின் வசனத்தில் மிகப் பெரும்பகுதி அதன் வழியாகவே வருகிறது. ஆயினும் இடமும் வலமும் கம்பீரமாக நிற்கும் பெட்டிகளுக்குப் பணத்தையெல்லாம் செலவிட்டுவிட்டு, மிஞ்சிய சொற்பத்தில் இதை வாங்குகிறவர்கள் பலர்.

மனிதனுக்குக் காது இரண்டு இருக்க, ஒலிபெருக்கி மூன்று எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. அதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த விஞ்ஞானிகள். 1933ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி, பிலடெல்பியா நகரில் இசைக்குழு ஒன்று வாசித்த சங்கீதத்தை, மேடைக்கு முன் வைத்த மூன்று மைக்குகளால் வாங்கி, மூன்று தனித்தனிக் கம்பிவழிகளில் வாஷிங்டனுக்கு அனுப்பி, அங்கே வெறும் மேடையில் நின்ற ஒலிபெருக்கிகள் வாயிலாகச் சபையோருக்குக் கேட்கச் செய்தார்கள். குழுவின் புகழ்பெற்ற நடத்துநரான ஸ்டோகோவ்ஸ்கி அன்று பிலடெல்பியாவில் இல்லை. வாஷிங்டன் மண்டபத்தில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் விசைகளின் முன் உட்கார்ந்திருந்தார். மேடை முழுவதும் எண்ணற்ற மைக்குகளும் அவற்றுக்கு ஈடாக எண்ணற்ற ஒலிபெருக்கிகளும் இருப்பதே லட்சியம் என்றும், அது நடவாத காரியம் ஆகையால் மூன்று இருந்தால் பெரிய மண்டபத்துக்குப் போதும் என்றும் பெல் விஞ்ஞானிகள் கண்ட முடிவைப் பிற்காலத்தில் சினிமா உலகமும் பின்பற்றியது. 1940இல் வெளிவந்த டிஸ்னியின் 'ஃபேன்டேசியா'விலும், 1953இல் சினிமாஸ்கோப் முறையில் வந்த 'தி ரோப்' படத்திலும், திரைக்குப் பின்னே இடம், நடு, வலம் என்று மூன்று ஒலிபெருக்கிகள் இயங்கின. இந்த நடுவழி வீட்டுச் சாதனங்களுக்குள் பரவலாக வந்து சேர்ந்தது 1987இல் டால்பி புரோ லாஜிக் என்ற ஒலிமுறை வந்த பிறகே.

நடுவில் ஒன்றும் இல்லாமலே நடுவில் குரல் கேட்கச் செய்ய முடியும் என்பது மெய்தான். இரு பக்கத்து ஒலிபெருக்கிகளும் ஒரே குரலை ஒரே அளவில் ஒலிக்க, சரிபாதியில் உட்கார்ந்திருப்பவருக்கு அக்குரல் நடுவெளியிலிருந்து வருவதாகத் தோன்றும். ஆனால் இந்த மாயை ஒரே ஒரு நாற்காலிக்கு மட்டும் பலிப்பது. ஒலி ஆயிரத்தில் ஒரு விநாடியில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் செல்லும். இடப்பக்கப் பெட்டிக்கு அவ்வளவு தூரம் நெருங்கி உட்கார்ந்தவருக்கு அதன் ஒலி அத்தனை முந்தி வந்து சேர, முந்தி வந்ததையே இருப்பிடமாகக் கொள்ளும் சுபாவமுள்ள நம் செவி, கதாநாயகன் திரையின் நடுவில் நின்று பேசினாலும் குரலை இடது மூலையில் கொண்டுபோய் வைத்துவிடும். சரிபாதியில் உட்கார்ந்த பாக்கியசாலிக்கும் முழு லாபம் இல்லை. இரு பெட்டிகளின் ஒலியும் அவருடைய ஒவ்வொரு காதையும் சிறிது முன்பின்னாக எட்டுவதால், 2000 ஹெர்ட்ஸ் சுமாரில் ஒலி ஒன்றையொன்று குலைத்துக்கொண்டு ஒரு பள்ளம் விழுகிறது. மெய்யெழுத்துக்களைப் பிரித்தறிவதற்குச் செவி நம்பியிருக்கும் பிரதேசமும் அதுவேதான்.

ஆகவே நடு ஒலிபெருக்கி முக்கியமாக ஓரத்தில் உட்காருகிறவருக்காக ஏற்பட்ட சாதனம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவருக்கு, அங்கே அடுக்கியிருக்கும் பெட்டிகளில் பல அந்த ஒரு கடமையிலேயே தவறுகின்றன என்பது விசித்திரமாகப் படும். காரணம் அவற்றின் உருவம். நடுவில் உச்ச ஒலிக்கான ட்வீட்டர், அதன் இருபுறமும் தாழ்ந்த ஒலிக்கான ஒவ்வொரு ஊஃபர் என்று குறுக்குவாட்டில் மூன்றையும் வரிசையாகப் பதித்த பெட்டியே சந்தையில் சாதாரணமாகக் கிடைப்பது. ஊஃபர், ட்வீட்டர், ஊஃபர் என்ற இந்த வரிசையின் குணத்தை 1983இல் கணித முறையில் ஆராய்ந்து பிரசித்தமாக்கிய ஜோசப் டப்பொலீட்டோ என்ற அமெரிக்கப் பொறியாளர் சொன்னது, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வைக்கும் முறையை. தொலைக்காட்சியின் அடியில் உயரம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அது படுக்கவைக்கப்பட்டது. இது மேஜை செய்கிறவர் தந்த உருவமேயன்றி ஒலி நிபுணர் தந்த உருவம் அல்ல.

படுக்கவைத்ததால் வரும் நஷ்டத்தைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். 2000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 17 சென்டிமீட்டர். இரு ஊஃபர்களின் மையங்களுக்கு இடையே 35 சென்டிமீட்டர் இருப்பதாகவும், ட்வீட்டர் 2000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியையே ஏற்பதாகவும் வைத்துக்கொண்டால், நேர்முகத்திலிருந்து 14 பாகை விலகியவருக்கு ஓர் ஊஃபரின் ஒலி மற்றதைவிடப் பாதி அலைநீளம் பின்தங்கி வந்து, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மூன்று மீட்டர் தள்ளி சோபாவில் உட்காருகிறவர்களுக்கு 14 பாகை என்பது முக்கால் மீட்டர். அதாவது, நடுவில் இருப்பவருக்கு அடுத்த ஆசனம்! சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி இந்தக் குறையை ஓரளவு மூடிவிடுவதால் வசனம் அறவே கேட்காமல் போவதில்லை. தெளிவு குன்றி, குரல் எதற்குள்ளோ அடைபட்டாற்போல ஒலிக்கும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. ஊஃபர்கள் இரண்டும் அடிக்குரலை மட்டும் பார்த்துக்கொள்ள, நடுவில் இடைநிலை ஒலிக்கான ஒரு சிறிய மிட்ரேஞ்சும் அதன் தலைக்கு நேர்மேலே ட்வீட்டரும் அமைந்த மூவழிப் பெட்டியை வாங்கலாம். குரலின் உயிர்நாடியான பகுதி அங்கே ஒரே ஒரு வாயிலிருந்து புறப்படுவதால் ஓரத்துக்கும் நடுவுக்கும் பேதம் குறைவு. அல்லது, பெரிய கூம்பின் மையத்திலேயே ட்வீட்டரை உள்ளடக்கிய இணைமைய அமைப்பு இருக்கிறது; டானாய் நிறுவனம் 1947 முதலும், கெஃப் நிறுவனம் யூனி-க்யூ என்ற பெயரில் 1988 முதலும் இதைச் செய்துவருகின்றன. ஆனால் என் அபிப்பிராயத்தில் இவை எல்லாவற்றிலும் உத்தமமானது ஆடம்பரமில்லாத ஒரு வழி: இடத்திலும் வலத்திலும் எந்த ஒலிபெருக்கி உள்ளதோ, அதே ஜாதியில் மூன்றாவது ஒன்றை நிறுத்தியே வைப்பது. தொலைக்காட்சியைச் சுவரில் சற்று ஏற்றி மாட்டியோ, புரொஜெக்டர் வைத்திருப்பவர் ஒலி ஊடுருவும் திரையைப் போட்டு அதன் பின்னால் வைத்தோ இதைச் சாதிக்கலாம். இவ்வகை ஒலிபெருக்கிகளை ஜோடியாக மட்டுமே விற்கும் கடைகள் உண்டு என்பதுதான் தொல்லை.

அது முடியாதபோது, பக்கத்துப் பெட்டிகள் எந்த வரிசையைச் சேர்ந்தவையோ அதே வரிசையில் அதே தயாரிப்பாளர் செய்த நடு ஒலிபெருக்கியை வாங்குவதே உசிதம். திரையில் ஒரு கார் இடமிருந்து வலம் ஓடும்போது அதன் இரைச்சல் மூன்று பெட்டிகளையும் கடந்து செல்கிறது. நடுப்பெட்டியின் நாதம் மட்டும் வேறாக இருந்தால், பல்லவி பாடியவர் ஒருவர், அனுபல்லவி பாடியவர் வேறொருவர் என்பதுபோல் ஆகிவிடும். பின்சுவர் ஒலிபெருக்கிகள் வேறு குலமாக இருந்தால் பெரிய பாதகம் இல்லை.

அட்டையில் அச்சிட்ட எண்களில் கவனிக்கத் தக்கவை சிலவே. வாட் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் ஒலிக்கும் என்ற எண்ணே பயனுள்ளது; 84 டெசிபெல் பெட்டி 90 டெசிபெல் பெட்டியோடு போட்டியிட ஆம்ப்ளிஃபயரிலிருந்து நான்கு மடங்கு சக்தி கேட்கும். மின்தடையைக் குறிக்கும் ஓம் எண் 4 என்றிருந்தால், ஒலிபெருக்கிகளை இயக்கும் ரிசீவர் அதற்கு இசையுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அடி ஒலிக்கென்றே தனியாக சப்ஊஃபர் இருக்கும் வீட்டில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதனிடம் ஒப்படைத்துவிடுவது வழக்கமாதலால், நடுப்பெட்டி அடித்தொண்டையில் முழங்க வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் ஆண்குரலின் அடிநாதம் 100 ஹெர்ட்ஸ் சுமாரில் இருப்பதால், மிகச் சிறிய பெட்டி குரலை மெலியச் செய்யும்.

நல்லதை வாங்கி வந்தபின் அலமாரிப் பொந்துக்குள் திணித்துவிட்டால் செலவெல்லாம் வீண். பெட்டியின் முகம் பலகையின் விளிம்புவரை முன்னே வரவேண்டும். தாழ்வாக இருந்தால் முன்பக்கத்தைச் சிறிது தூக்கி, கேட்பவரின் காதை நோக்கித் திருப்ப வேண்டும். ரிசீவரில் மூன்று பெட்டிகளின் தூரத்தையும் அளந்து பதித்து, வசனம் இன்னமும் மங்கினால் நடுவழியை மட்டும் இரண்டு அல்லது மூன்று டெசிபெல் உயர்த்திப் பார்க்கலாம். புதிதாக ஒன்று வாங்குமுன் பழைய பெட்டிக்கே இந்த வைத்தியங்களைச் செய்து பார்ப்பது விவேகம். தனியாக, எப்போதும் நடு ஆசனத்திலேயே அமர்ந்து படம் பார்ப்பவர், தம்மிடம் இரண்டு நல்ல ஒலிபெருக்கிகள் இருந்தால், மட்டமான மூன்றாவதைச் சேர்ப்பதைவிட அதில்லாமல் இருப்பதே மேல்.

குடும்பத்தோடு பார்ப்பவர்கள் வாங்கத்தான் வேண்டும். கடைக்காரர் மரியாதையாக உங்களை நடு ஆசனத்தில் அமர்த்தி, ஆகாயவிமானம் வெடிக்கும் காட்சியைப் போடுவார். அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, நீங்கள் நன்கு அறிந்த ஒரு படத்தில் இருவர் அமைதியாகப் பேசும் காட்சியைப் போடச்செய்து, எழுந்து போய் ஓர நாற்காலியில் உட்கார்ந்து கேளுங்கள். அங்கே ஒவ்வொரு சொல்லும் விளங்குகிற பெட்டியை வாங்கி வாருங்கள்.