வாத்தியம் பழகினால் மூளை வளருமா?

இத்தாலியின் பலெர்மோ நகரில் 1617ஆம் ஆண்டு ஆதரவற்ற சிறுவர்களுக்காக ஓர் இல்லம் தொடங்கப்பட்டது. சோறும் தங்க இடமும் கொடுத்த அந்த இல்லம், பின்னாளில் அவர்களுக்கு இசையும் சொல்லிக்கொடுத்தது. அதுதான் வளர்ந்து இன்று அந்நகரின் இசைக் கல்லூரியாக நிற்கிறது. 1660இல் அவ்வூரில் பிறந்த இசையமைப்பாளர் அலெஸ்ஸாண்ட்ரோ ஸ்கார்லாட்டியின் பெயரை அது தாங்கியிருக்கிறது. இத்தாலியிலேயே பெரிய ஓபரா அரங்கான தெயாத்ரோ மாஸ்ஸிமோ 1897இல் திறக்கப்பட்டதும் இந்நகரில்தான்.

பலெர்மோவில் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் பல ஆண்டுகளாக வாழ்கின்றன. நகரின் காவல் புனிதரான சாந்தா ரொசாலியாவை வணங்கப் பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறுபவர்களில் தமிழ்க் கிறிஸ்தவர்களும் உண்டு, இந்துக்களும் உண்டு. பலெர்மோவோ யாழ்ப்பாணமோ சென்னையோ, பிள்ளையை வயலின் வகுப்பிலோ மிருதங்க வகுப்பிலோ சேர்க்கும் பெற்றோர் மனதில் ஒரு கேள்வி எழுகிறது: வாத்தியம் பழகினால் மூளை வளருமா? படிப்பில் கெட்டிக்காரராக வருவார்களா?

மூளை மாறுகிறது, இதில் ஐயமில்லை. மதிப்பெண் கூடும் என்பதற்கு மட்டும் அந்த அளவு சான்று இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் பிள்ளைக்கு நல்லது செய்ய முடியும்.

வாசிக்கும்போது நடப்பது என்ன?

வயலினில் ஒரு ஸ்வரத்தைப் பிடிக்கிறோம். இடது கை விரல் சரியான இடத்தில் அழுந்த வேண்டும், வலது கை வில்லை அளவான அழுத்தத்தில் இழுக்க வேண்டும். இவற்றை இயக்குவது பெருமூளையின் இயக்கப் பகுதி. அசைவின் நேரத்தைத் திருத்துவது சிறுமூளை. எழுந்த ஒலியை மூளையின் கேட்டல் பகுதி எடைபோடுகிறது. சுருதி சற்று விலகினாலும் அந்தச் செய்தி விரலுக்குத் திரும்பி, அடுத்த நொடியே விரல் நகர்கிறது. தாளத்தை நினைவில் வைப்பதும், அடுத்த வரியை எண்ணிப்பார்ப்பதும் இதனுடனேயே நடக்கின்றன.

இத்தனை பகுதிகளை ஒரே நேரத்தில், நொடிக்கு நொடி திருத்தத்துடன் வேலை வாங்கும் செயல்கள் குறைவு. தினசரி சாதகத்தில் இதே பாதை மீண்டும் மீண்டும் பயன்படும்போது நரம்பு இணைப்புகள் வலுப்பெறுகின்றன. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை தடித்து, செய்தி விரைவாகச் செல்கிறது.

ஆய்வுகள் கண்ட மாற்றம்

1995இல் ஜெர்மனியில் நரம்பிசைக் கலைஞர்களின் மூளையை ஆராய்ந்தார்கள். தந்தியை அழுத்தும் இடது கை விரல்களுக்கான மூளைப் பகுதி அவர்களிடம் மற்றவர்களைவிட விரிந்திருந்தது. இளம் வயதில் தொடங்கியவர்களிடம் அந்த விரிவு கூடுதல். அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில், ஏழு வயதுக்கு முன் பழகத் தொடங்கிய இசைக்கலைஞர்களிடம் மூளையின் இரு பாதிகளை இணைக்கும் கார்பஸ் கலோசத்தின் முன்பகுதி பெரிதாக இருந்தது.

‘பெரிய மூளையோடு பிறந்தவர்கள்தானே இசைக்கு வருகிறார்கள்?’ என்று கேட்கலாம். அதற்கான விடை 2009இல் கிடைத்தது. ஆறு வயதுச் சிறுவர்களில் ஒரு பகுதியினர் 15 மாதங்கள் கீபோர்டு கற்றனர். தொடக்கத்தில் இரு குழுவினரின் மூளையிலும் வேறுபாடில்லை. முடிவில், கற்றவர்களின் இயக்கப் பகுதியிலும் கேட்டல் பகுதியிலும் மாற்றம் தெரிந்தது.

அறிவுத்திறன் கூடுமா?

1993இல் கல்லூரி மாணவர்கள் சிலர் பத்து நிமிடம் மொட்சார்ட் இசையைக் கேட்டுவிட்டு இடம் சார்ந்த புதிர்களைச் சற்று நன்றாகச் செய்தார்கள். அந்த விளைவு கால் மணி நேரம் அளவே நீடித்தது. ஆனால் ‘மொட்சார்ட் கேட்டால் குழந்தை மேதையாகும்’ என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவிவிட்டது. கேட்பது வேறு, கற்பது வேறு.

கற்பதைப் பற்றிய பெரிய சோதனை கனடாவின் டொரன்டோவில் நடந்து 2004இல் வெளியானது. ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேர் கீபோர்டு, பாட்டு, நாடகம், எதுவும் இல்லை என்று நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஓராண்டுக்குப் பின், இசை கற்றவர்களின் ஐ.க்யூ. சராசரியாக 7 புள்ளி உயர்ந்தது, மற்றவர்களுக்கு 4.3. வேறுபாடு மூன்று புள்ளிக்கும் குறைவு. நாடகம் கற்றவர்களோ பிறருடன் பழகும் பாங்கில் முன்னேறியிருந்தார்கள்.

பின்வந்த ஆய்வுகள் இந்தச் சிறு நம்பிக்கையையும் குறைத்தன. 2020இல் 54 ஆய்வுகளின், ஏறத்தாழ 7,000 பிள்ளைகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கட்டுப்பாட்டுடன் நடந்த ஆய்வுகளில் இசைப் பயிற்சியால் பொது அறிவுத்திறனோ கல்வித் தேர்ச்சியோ கூடவில்லை. சுவீடனில் ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களை ஒப்பிட்டார்கள். அதிகம் சாதகம் செய்தவருக்கு, குறைவாகச் செய்த உடன்பிறப்பைவிட ஐ.க்யூ. கூடுதலாக இல்லை. கணக்கில் மதிப்பெண் வேண்டுமென்றால் கணக்குத்தான் போட வேண்டும்.

காதுக்குக் கிடைக்கும் வரம்

வாத்தியம் நேரடியாகக் கூர்மைப்படுத்துவது கேட்டலை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் வறுமைப் பகுதிப் பிள்ளைகளுக்கு இலவசமாக இசை கற்பித்து ஆராய்ந்தார்கள். நெருங்கிய பேச்சொலிகளைப் பிரித்தறியும் திறன் அவர்களின் மூளையில் மேம்பட்டிருந்தது. ஓராண்டுப் பயிற்சியில் அது தெரியவில்லை. இரண்டாண்டு முடிந்தபின்பே தெரிந்தது. வீட்டில் தமிழும் பள்ளியில் இத்தாலியும் பேசி வளரும் பிள்ளைக்கு, ஒலியைக் கூர்ந்து கேட்கும் பழக்கம் சிறிய சொத்தல்ல.

முதுமையிலும் தொடங்கலாம்

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2003இல் வெளியானது. வாத்தியம் வாசித்தவர்கள், நூல் படித்தவர்கள், சதுரங்கம் போன்ற பலகை விளையாட்டு ஆடியவர்கள், நடனமாடியவர்கள் ஆகியோரிடம் டிமென்ஷியா எனும் மறதிநோய் குறைவாகவே காணப்பட்டது. வாத்தியம்தான் நோயைத் தடுத்தது என்று இதைக்கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் புதிதாகக் கற்கும் முயற்சி முதிய மூளைக்கும் நல்ல வேலை. அறுபதைக் கடந்தவர்கள் ஆறு மாதம் பியானோ கற்றபோது அவர்களின் கவனமும் நினைவும் சார்ந்த திறன்கள் சில மேம்பட்டன.

கவனிக்க வேண்டியவை

• சிறு பிள்ளைக்குத் தினமும் 15 முதல் 20 நிமிட சாதகம் போதும். வாரத்துக்கு ஒருநாள் இரண்டு மணி நேரம் உட்கார்வதைவிட இதுவே பயன் தரும்.

• வயலினும் கிதாரும் பிள்ளையின் கைநீளத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். கழுத்து, மணிக்கட்டு, தோள் வலித்தால் நிறுத்தி, பிடிக்கும் முறையை ஆசிரியரிடம் காட்டுங்கள். வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

• எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது பெரியவர்களின் பணியிடங்களுக்கு வகுத்த எல்லை. ஒலி கூடக்கூட இந்த நேரம் சுருங்கும். தாளவாத்தியங்களைச் சிறிய அறையில் நெடுநேரம் வாசிக்க வேண்டாம்.

• விலையுயர்ந்த வாத்தியம் தேவையில்லை. நம் மோர்சிங்கைப் போலவே பல்லில் பொருத்தி மீட்டும் மர்ரான்சானோ சிசிலியின் நாட்டுப்புற வாத்தியம். உள்ளங்கையில் அடங்கும் அதற்கும் மூச்சு, விரல், காது மூன்றும் ஒத்துழைக்க வேண்டும்.

• இத்தாலியின் அரசு நடுநிலைப் பள்ளிகள் சிலவற்றில் இசைப் பிரிவு உண்டு. 1999ஆம் ஆண்டுச் சட்டம் அங்கு வாத்தியத்தை முறையான பாடமாக்கியது. சேர முன்பயிற்சி வேண்டாம். இயல்பான நாட்டத்தையும் திறனையும் அறியும் தேர்வு மட்டும் நடக்கும். பலெர்மோவாழ் தமிழ்ப் பெற்றோர் இந்த வாய்ப்பைக் கேட்டறிந்து பயன்படுத்திக்கொள்ளலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

மதிப்பெண்ணுக்காக வாத்தியத்தைத் திணித்தால், மதிப்பெண் ஏறாதபோது வகுப்பை நிறுத்திவிடத் தோன்றும். இரண்டாண்டுக்குப் பின் கிடைக்கவிருந்த பலனும் அதோடு போய்விடும். இசையை இசைக்காகவே கொடுங்கள். எந்த வாத்தியம் என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பத்தாம் வகுப்பு வந்தவுடன் நிறுத்தாதீர்கள். முடிந்தால் நீங்களும் உடன் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். கற்பதற்கு மூளை எந்த வயதிலும் தயாராகவே இருக்கிறது.