மெய்யும் போலியும்

மனித உடல் எண்ணிறந்த உயிரணுக்களால் ஆயது. உயிரணுவின் கருவினுள் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. அவற்றில் மரபணுக்கள் வரிசையாக அமைந்துள்ளன. உயிரணு எப்பொழுது பெருகவேண்டும், எப்பொழுது ஓயவேண்டும் என்னும் செய்திகளை நடத்தும் புரதங்கள் யாவும் மரபணுக்களின் குறிப்பின்படியே உருவாகின்றன.

அத்தகைய புரதங்களுள் ஒன்று 'பிடென்' என்பது. மூளை, மார்பு முதலிய உறுப்புகளில் தோன்றிய புற்றுநோய்க் கட்டிகள் பலவற்றில், பத்தாம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் ஒரு பகுதி அழிந்திருப்பதை அறிஞர் கண்டனர். அங்கு இருந்தது யாது என ஆராய்ந்து, 1997-ஆம் ஆண்டில் பிடென் மரபணுவைக் கண்டறிந்தனர். 403 அமினோ அமிலங்களாலான பிடென் புரதம், பெருகுமாறு உயிரணுவை ஏவும் ஒரு கொழுப்புப் பொருளிலிருந்து பாஸ்பேட்டை நீக்கி, அவ்வேவலைத் தணிக்கிறது. அது பழுதுபடின் உயிரணு கட்டுக்கடங்காது பெருகக்கூடும்.

மரபணுவின் இருப்பிடத்தை அறிய வழிகள் பல உண்டு. அவற்றுள் ஒன்று வருமாறு: ஒளிரும் சாயம் ஏற்றிய டி.என்.ஏ. துண்டு ஒன்றைக் குரோமோசோம்களின்மீது இடுவர். அது தனக்கு இணையான எழுத்துவரிசை உள்ள இடத்தைப் பற்றிக்கொள்ளும். நுண்ணோக்கியில் ஒளி தோன்றும் இடமே மரபணுவின் இருப்பிடமாகும்.

பிடெனை ஒத்த வரிசை ஒன்பதாம் குரோமோசோமின் குட்டைக் கரத்திலும் இருப்பது 1998-இல் வெளியிடப்பட்டது. மெய்யான மரபணு ஒன்பது பகுதிகளாகப் பிரிந்து, இடையிடையே வேறு வரிசைகளைக் கொண்டது. மற்றையதில் இடைவரிசைகள் இல்லை. எனவே, இது மரபணுவின் ஆர்.என்.ஏ. படியிலிருந்து பண்டு ஒரு காலத்தில் மீண்டும் டி.என்.ஏ.வாக எழுதப்பட்டுக் குரோமோசோமில் புகுந்தது எனத் துணிந்தனர். ஏடு பெயர்த்தெழுதுவோன் முதலெழுத்தைப் பிழைபட எழுதியதுபோல, புரதத்தின் தொடக்கத்தைக் குறிக்கும் இடம் இதில் மாறியுள்ளது. ஆகவே, இது பிடென் புரதத்தைத் தருவதில்லை. இதனைப் 'போலி மரபணு' என்பர்.

இவ்வேறுபாட்டை அறிதல் இன்றியமையாதது. போலியில் உள்ள மாற்றத்தை மெய்யில் உள்ளதாகக் கொள்ளின், நலமுடையார் ஒருவரைப் பரம்பரை நோய்க்கு இலக்கானவர் எனக் கூற நேரிடும். எனவே, ஆய்வாளர் மெய்யான மரபணுவுக்கே உரிய இடைவரிசைகளைத் துணையாகக் கொண்டு அதனைப் பிரித்தெடுத்துச் சோதிப்பர்.

எனினும், போலி பயனற்றதன்று. அதிலிருந்தும் ஆர்.என்.ஏ. தோன்றுகிறது. பிடெனின் ஆர்.என்.ஏ.வை ஒடுக்கும் நுண்ணிய ஆர்.என்.ஏ.க்களைத் தன்பால் ஈர்த்து, அது மெய்யானதைக் காக்கிறது என 2010-இல் ஆய்வாளர் காட்டினர். புரதம் தாராத ஒன்றும் உயிரணுவின் காவலில் பங்கு கொள்ளக்கூடும் என்பது இதனால் விளங்கும்.